கண்ணை மாற்றலாம்... கருத்தை மாற்றலாமா?



ஒரு தக்காளியும் ஒரு வெள்ளரிக்காயும் பைபிள் கதை சொன்னால் குழந்தைகள் கேட்குமா? அமெரிக்காவில் கேட்டன! 1993-ல் பில் விஷர், மைக் நவ்ராக்கி என்ற இரு இளைஞர்கள் 'வெஜ்ஜிடேல்ஸ்' என்ற கார்ட்டூனை வீடியோ கேசட்டாக வெளியிட்டார்கள். பாப் என்ற தக்காளியும் லாரி என்ற வெள்ளரிக்காயும்தான் ஹீரோக்கள்.

இவர்களுக்குக் கை கால் கிடையாது. ஏன் தெரியுமா? அன்றைய கம்ப்யூட்டரில் கை, கால், முடி, துணி இதையெல்லாம் அசைய வைப்பது பெரும்பாடு. முதலில் மிட்டாயைத்தான் கதாபாத்திரமாக்க நினைத்தார் விஷர். மிட்டாய் மேல் பிள்ளைகளுக்கு ஆசை வந்தால் தாய்மார்களுக்குப் பிடிக்காது என்றார் மனைவி. காய்கறி வந்தது! வசதிக் குறைவையே அழகாக்கியவர்களை நம் டிராயிங் வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்.

காலம் மாறியது. 2003-ல் நிறுவனம் திவாலாகிக் கைமாறியது. 2014-ல் நெட்ஃபிளிக்ஸுக்காக எடுத்த புதுத் தொடரில் காய்கறிகளின் கண்கள் பெரிதாகி, கலரும் ஏறியது. பழைய ரசிகர்கள் பலர் கோபப்பட்டார்கள். நான் அவர்கள் கட்சி இல்லை. கம்ப்யூட்டர் வளர்ந்தால் படமும் வளரத்தானே செய்யும்?

என் கோபமெல்லாம் 2006 மேல்தான். அந்த வருடம் என்.பி.சி. டெலிவிஷன் சனிக்கிழமை காலைகளில் இந்தக் கார்ட்டூனைக் காட்டியது. கடவுளைப் பற்றிய வசனங்கள் பல வெட்டப்பட்டன. விஷர் வருத்தப்பட்டு வெளிப்படையாகவே எழுதினார்.

"எல்லா மதப் பிள்ளைகளும் பார்க்கிற டி.வி. ஆச்சே, வெட்டினா என்னடா தப்பு?" என்று நீங்கள் கேட்கலாம். முதல் கேசட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பயப்படும் பிள்ளைக்கு, 'கடவுள் துணை இருக்கிறார்' என்பதுதான் அதில் கிடைக்கும் பதில். பதிலை வெட்டிவிட்டால் மிஞ்சுவது பயம் மட்டும்தானே?

மோட்டாருக்குக் காயில் மாற்றிக் கட்டலாம், பெயிண்ட் அடிக்கலாம். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கிற கப்ளிங்கைக் கழற்றிப் போட்டால்? மோட்டார் ஜோராக ஓடும். தண்ணீர் வராது!

பிடிக்காதவர்கள் பார்க்காமல் இருக்கலாம். வேறு மதத்துப் பிள்ளை பார்த்தாலும், 'பக்கத்து வீட்டுப் பையன் இப்படி நம்புகிறான்' என்று தெரிந்துகொள்ளும். அதில் என்ன நஷ்டம்? அடுத்தவன் நம்பிக்கையை மறைத்து வைத்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டக் கூடாது.

2019-ல் ஒரு கிறிஸ்தவ டி.வி.யில் புதுத் தொடர் வந்தது. விஷரே திரும்பி வந்து தக்காளிக்குக் குரல் கொடுத்தார்.

நண்பர்களே! நாளைக்குப் பழைய மிஷினையும் பழைய முறைகளையும் புதுப்பிக்கப் போகிறவர்கள் நாம்தான். ஸ்பேனரை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "இது எதுக்காகச் செஞ்சது?" அதை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தாராளமாக மாற்றுவோம்!

– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை