‘உழைக்காத’ அம்மாவும் ஒரு ஆங்கிலச் சொல்லும்

2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த நிறுவனங்களின் ஆங்கில அறிக்கைகளை வாசிச்சவைக்கு ‘கெயின்ஃபுல்’ எண்ட சொல் தெரிஞ்சிருக்கும். தனிய வாறது குறைவு, ‘எம்ப்ளோய்மென்ட்’டையும் கூட்டிக்கொண்டுதான் வரும். தமிழில் ‘இலாபகரமான தொழில்’ எண்டு பெயர்த்துவிடுவினம். எனக்கு அது பொருத்தமாப் படேல்லை. இலாபம் கடைக்காரருக்கு வாறது. கிளிநொச்சி ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற பிள்ளைக்கு வாறது சம்பளம். கைநிறையக் காசு வாற வேலைக்கு ஆங்கிலத்தில் ‘லுக்ரேட்டிவ்’ எண்டு வேற சொல் இருக்கு. கெயின்ஃபுல் எவ்வளவு எண்டு கேக்காது, செய்யிற வேலைக்குக் காசு வருதோ எண்டு மட்டும்தான் கேக்கும். 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களுக்கு மாதம் 20,000 ரூபா குடுத்தினமே, அதுவும் கெயின்ஃபுல்தான். லுக்ரேட்டிவ் எண்டு ஆரும் சொல்ல மாட்டினம்.

‘ஊதியம் தரும் வேலை’ எண்டால் கிட்ட வரும். ஆனால் திருக்குறளில் ஊதியம் எண்டால் சம்பளம் இல்லை, பயன், ஆதாயம். பிறகுதான் அது மாதச் சம்பளமாகச் சுருங்கினது. ஆங்கிலச் சொல்லுக்கும் அதே கதிதான். ‘கெயின்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அந்த வினைக்கு நிலத்தைப் பயிரிடுவது எண்டும் பொருள் இருந்தது. அதுக்கும் பின்னால் போனால் மேய்ச்சலையும் இரை தேடுவதையும் குறித்த ஒரு ஜெர்மானிய வேர் இருக்கு. எங்கட மொழியிலயும் ‘மாடு’ எண்டதுக்குச் செல்வம் எண்டு பழைய பொருள் உண்டு.

சரி, மேய்ச்சல் தரையில் பிறந்த இந்தச் சொல், இண்டைக்கு முல்லைத்தீவில் மாடு வளர்க்கிற ஒரு அம்மாவைத் தன்ர கணக்கில் சேர்க்குமா? பாலைச் சேகரிப்பு நிலையத்துக்கு ஊத்தினால் சேர்க்கும். பிள்ளையளுக்குக் காய்ச்சிக் குடுத்தால் சேர்க்காது. 2013இல் ஜெனீவாவில் கூடின தொழிற் புள்ளிவிபரவியலாளர்களின் 19ஆவது சர்வதேச மாநாடு இப்பிடித்தான் வரையறுத்தது: சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ செய்தால்தான் ‘தொழில்’. வீட்டுத் தேவைக்கு விளைவிச்சால் அது ‘வேலை’, தொழில் இல்லை. 1982ஆம் ஆண்டு வரையறையில், வீட்டுச் சாப்பாட்டுக்குக் கணிசமாக உதவின சொந்த விளைச்சலாவது உள்ளே நிண்டது.

ஆனால் ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்லித் தப்ப ஏலாது. தமிழ்நாட்டில் உழைக்கிறது எண்டால் பாடுபடுறது. காசு வாறதைச் சம்பாதிக்கிறது எண்டுவினம். எங்களுக்கு ரெண்டுமே உழைப்பு. “மகன் வெளிநாட்டில நல்லா உழைக்கிறான்” எண்டால் அவன் முறிஞ்சு வேலை செய்யிறான் எண்டு ஒருத்தரும் விளங்கிறேல்லை, காசு வருது எண்டுதான் விளங்குவினம். அதே வாயால “மனுசி உழைக்கிறேல்லை, சும்மா வீட்டிலதான்” எண்டும் சொல்லுவம். அந்த மனுசி விடியக் காலமை எழும்பி, மாடு கறந்து, சமைச்சு, கச்சானுக்குக் களை பிடுங்கி, பின்னேரம் விறகும் கொண்டு வந்திருப்பா. சொல்லேக்க ஒருத்தருக்கும் சிரிப்பு வாறதில்லை.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. முத்தையன்கட்டு மாதிரிக் குடியேற்றத் திட்டங்களில் சனத்திட்ட இருக்கிற காணி அனுமதிப்பத்திரங்கள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வந்தவை. பின்னுரித்தாளரைப் பெயர் குறிக்காமல் காணிக்காரர் செத்தால், வாரிசு வரிசையில் மகளுக்கு முன்னால் மகனை வைச்சது அந்தச் சட்டம். வயலில இறங்கி நாத்து நட்டது ஆர் எண்டு அது கேக்கேல்லை. 2022இல்தான் திருத்தினவை. போரில் ஆம்பிளையளை இழந்து, பெண்களே தலைமை தாங்குகிற குடும்பங்கள் இவ்வளவு இருக்கிற வன்னியில், ‘ஆர் உழைக்கிறது’ எண்ட கேள்விக்கு என்ன பதில் எழுதுறம் எண்டது சின்ன விசயமா?

இதைச் சொன்னவுடன ஒரு கூட்டாளி கேட்டாள்: “அப்ப காசில்லாத வேலையையும் கெயின்ஃபுல் எண்டு புகழ்ந்துபோட்டு, சம்பளம் குடுக்காமல் விடலாமெண்டு சொல்லிறியோ?” நியாயமான கேள்விதான். போர்க்காலத்தில் வன்னிப் பள்ளிக்கூடங்களை இழுத்துப் பிடிச்ச தொண்டர் ஆசிரியர்களை ‘சேவை’ எண்டு எவ்வளவோ புகழ்ந்தம். நிரந்தர நியமனத்துக்கு அவை ரோட்டில இருந்து போராட வேண்டி வந்தது. புகழ்ச்சி சோறு போடாது. அதால காசில்லாத வேலைக்கெல்லாம் கெயின்ஃபுல் பட்டம் கட்டச் சொல்லி நான் கேக்கேல்லை. வேலை செய்யிறாவோ, அதுக்குக் காசு வருதோ எண்ட ரெண்டையும் வேறவேறயாக் கேக்கச் சொல்லித்தான் சொல்லிறன். இப்ப எங்கட படிவங்களில் ‘தொழில்’ எண்டு ஒரு கட்டம் மட்டும் இருக்கு. அம்மாவின்ர பெயருக்கு நேர ‘இல்லை’ எண்டு போட்டிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகினம்.

அடுத்த முறை ஆராவது விபரம் எடுக்க உங்கட வீட்டுக்கு வந்தால், மாடு எத்தினை, தோட்டம் எத்தினை பரப்பு, அதை ஆர் பாக்கிறது எண்டு நீங்களாச் சொல்லிப் பாருங்கோ. கட்டத்துக்குள்ள இடம் இல்லையெண்டால் ஓரத்தில எழுதச் சொல்லுங்கோ.