பாயிரமும் நூலும்

பாயிரமில்லாத நூல் நூலன்று என்பது நம் முன்னோர் கொண்ட துணிபு. நூலுள் நுழைவான் ஒருவனுக்கு, அதனை இயற்றியவர் யார், அது எவ்வழியில் வந்தது, அதன் எல்லை யாது, அதனைக் கற்றற்குரியார் யார், கற்றலாற் பெறும் பயன் யாது என்பனவற்றை முன்னதாகவே உணர்த்தல் வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். அதனினும் நுட்பமானதொரு விதியையும் வகுத்தார்கள். நூலாசிரியன் எத்துணை வல்லவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. அவனுடைய ஆசிரியன், அவனோடு ஒருங்கு கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்கு உரை கண்டவன் ஆகிய நால்வருமே பாயிரம் உரைத்தற்குரியர் என்று நன்னூல் வரையறுக்கிறது. இந்நால்வரை ஏன் தெரிந்தெடுத்தார்கள்? நூலை உள்ளும் புறமும் அறிய வாய்ப்புடையோர் இவர்களே என்பதனாலன்றோ?

பாயிரத்தோடும் அவர்கள் அமையவில்லை. அரங்கேற்றம் என்ற சோதனையும் இருந்தது. நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் தொல்காப்பியம் அரங்கேறிய செய்தியைப் பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. நம் காலத்துக்கு அணித்தாக, விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் பலர் கூடிய அவையில் அரங்கேறியது. அவையிலுள்ளார் கேட்பது எந்த நூலோ, அந்நூலே பின்னர் உலகத்தார் கைக்கும் வரும். அவையத்துக்கு ஒரு நூலும் உலகத்துக்கு வேறொரு நூலும் என்ற வழக்கம் எக்காலத்தும் இருந்ததில்லை.

இவ்வழக்கம் பிறழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக்காலத்தில் ஒரு பெருஞ்சான்று கிடைத்திருக்கிறது. அது நூலுலகிலன்றி, நம் பிள்ளைகள் இரவும் பகலும் ஈடுபட்டிருக்கும் வீடியோ விளையாட்டு உலகில் நிகழ்ந்தது. இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் வினவக்கூடும். கதை, கதைமாந்தர், நகர வருணனை, இசை ஆகிய யாவும் அமைந்து, காண்பானையே கதைத்தலைவனாக்கி நடத்திச் செல்லும் ஒன்றை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடல் எங்ஙனம்? அறிவியற் புனைகதை என்னும் துறையும் திருகோணமலைக்கு அந்நியமன்று. அத்துறையின் பேராசான்களுள் ஒருவரான ஆதர் சி. கிளார்க் கோணேசர் மலையடியிற் கடலுள் மூழ்கிப் பழைய கோயிலின் கற்றூண்களைக் கண்டவர். அவருடைய நாவலொன்று 1996ஆம் ஆண்டிலேயே ‘ராமா’ என்ற கணினி விளையாட்டாக வெளிவந்தது.

நான் கூறப்புகுந்த விளையாட்டின் பெயர் ‘சைபர்பங்க் 2077’. போலந்து நாட்டின் சி.டி. புரொஜெக்ட் ரெட் நிறுவனம் இதனை ஆக்கியது. மைக் பொண்ட்ஸ்மித் என்ற அமெரிக்கர் 1988இல் அமைத்த மேசை விளையாட்டொன்று இதற்கு முதனூல். 2077ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு பெருநகரே களம். அங்கே அரசினும் வலியன வணிக நிறுவனங்கள். மனிதர் தம் கண்ணையும் கையையும் களைந்துவிட்டு இயந்திர உறுப்புக்களை விலைக்கு வாங்கிப் பொருத்திக்கொள்கின்றனர். கூலிக்குப் போர்புரியும் கதைத்தலைவனின் தலைக்குள், என்றோ இறந்துபோன பாடகன் ஒருவனின் உள்ளம் சில்லு ஒன்றினூடாகப் புகுந்து, அவன் உள்ளத்தைச் சிறிது சிறிதாக விழுங்குகிறது. கூடுவிட்டுக் கூடுபாய்தலைக் கதைகளிற் கேட்டு வளர்ந்த நமக்கு இது முற்றும் புதிதன்று. அந்தக் கதையை இயந்திர உலகில் வைத்து, நான் என்பது யார் என்ற வினாவை எழுப்பியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

2012ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட இவ்விளையாட்டை உலகம் எட்டாண்டுகள் எதிர்பார்த்திருந்தது. 2019 யூன் மாதம் லொஸ் ஏஞ்சல்சில், பாடகனாக நடித்த கியானு ரீவ்ஸ் மேடையில் தோன்றியபோது எழுந்த ஆரவாரம் சிறிதன்று. 2020 ஏப்ரல் எனக் குறித்த வெளியீட்டு நாள் செப்டெம்பருக்கும், அங்கிருந்து நவம்பருக்கும், முடிவில் டிசெம்பர் 10ஆம் திகதிக்கும் தள்ளிப்போயிற்று. பணியாளர் வாரத்தில் ஆறுநாள் உழைக்குமாறு பணிக்கப்பட்டனர். கண்ணாற் காணாமலே முன்பணம் செலுத்தி வாங்கியவர் தொகை எண்பது இலட்சம்.

திறனாய்வுகள் டிசெம்பர் 7ஆம் திகதி வெளிவந்தன. பெரும்பாலானவை புகழுரைகள். பல திறனாய்வுகளின் மதிப்பெண்களைத் திரட்டிச் சராசரி கூறும் மெட்டாகிரிட்டிக் என்ற தளத்தில் அவ்வெண் முதலில் தொண்ணூறை எட்டி, பின்னர் 86இல் நிலைத்தது. ஆயின், திறனாய்வாளர் கையில் நிறுவனம் கொடுத்தது கணினிக்குரிய வடிவத்தை மட்டுமே. தாம் ஆடிய காட்சிகளைத் தாமே பதிந்து காட்டவும் அவர்களுக்கு முதலில் இசைவில்லை. நிறுவனம் தந்த காட்சிகளையே காட்டல் வேண்டும் என்பது நிபந்தனை. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய பொறிகளுக்குரிய வடிவங்கள் திறனாய்வாளரைச் சென்றடைந்தது வெளியீட்டுக்கு ஓரிரு நாள் முன்னரே. இவ்விரு பொறிகளும் 2013இல் விற்பனைக்கு வந்தவை. எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலரிடம் இருந்தவை இவையே.

அவர்கள் கண்டது என்ன? சாலையிற் சென்ற வாகனங்கள் இருந்தாற்போல் மறைந்தன. மனிதர் இரு கைகளையும் விரித்தபடி மரப்பாவை போல் நின்றனர். சுவர்களும் முகங்களும் உருவம் தெளியாமல் மங்கிக் கிடந்தன. ஆட்டம் நடுவிலேயே நின்றுபோயிற்று. 86 என்ற எண்ணை நம்பி வாங்கியவனுக்குக் கிட்டிய பண்டம் அந்த எண்ணுக்குரிய பண்டமன்று. பின்னர் அதே தளத்தில் பிளேஸ்டேஷன் 4 வடிவத்துக்கு அமைந்த எண் 57. சோனி நிறுவனம் வெளியீடு நிகழ்ந்து ஒரு வாரத்துக்குள் அதனைத் தன் கடையிலிருந்து அகற்றி, வாங்கியவர்க்குப் பணத்தைத் திருப்பித் தர இசைந்தது. 2021 யூன் 21 வரை அது அக்கடைக்கு மீளவில்லை. நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவரான மார்சின் இவின்ஸ்கி 2021 சனவரியில் உலகத்தார் முன் மன்னிப்புக் கோரினார்.

இங்கே குற்றம் யாருடையது? வணிகன் தன் சரக்கின் நல்ல பக்கத்தைக் காட்டுதல் இயல்பு. சந்தையில் மீன் விற்பவள் அழுகியதை மேலே அடுக்குவாளா? நாம் கேட்க வேண்டிய கேள்வி திறனாய்வாளரைப் பற்றியது. இவ்வடிவம் மட்டுமே எமக்குத் தரப்பட்டது, பழைய பொறிகளில் இது எவ்வாறு இயங்கும் என்பதை யாம் காணவில்லை என்று முதல் வரியில், பெரிய எழுத்தில் கூறியிருக்க வேண்டும். கூறியவர்கள் சிலர் உளர். ஆயினும் அவர்கள் எச்சரிக்கை கட்டுரையின் உள்ளே கிடக்க, எண் மட்டும் பறவை போல் உலகெங்கும் பறந்தது. எண்ணுக்கு நிபந்தனை கூறத் தெரியாது. ‘ஆயின்’, ‘எனினும்’ என்ற இடைச்சொற்கள் அதனிடம் இல்லை. எழுத்தே அவற்றைக் கூறவல்லது.

நல்ல திறனாய்வு என்ன செய்யும் என்பதற்கும் இவ்வரலாற்றிலேயே சான்றுண்டு. இவ்விளையாட்டின் ஒரு பகுதியில் கண்ணைப் பறிக்கும் ஒளி வேகமாக மின்னி மின்னி மறையும். வலிப்பு நோயுடைய திறனாய்வாளர் ஒருவர் அதனை ஆடுங்கால் வலிப்புக்குள்ளானார். உடனே அவர், அந்நோயுடையோர் எந்தெந்த இடங்களில் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும் என்று விரிவாக எழுதி வெளியிட்டார். நிறுவனம் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்த்ததோடு அவ்வொளியையும் மாற்றியமைத்தது. நூறு புகழுரைகள் செய்யாத நன்மையை அந்த ஒரு கட்டுரை செய்தது. மறுபுறத்தில், பத்துக்கு ஏழு என்று மதிப்பிட்ட இன்னொரு பெண் திறனாய்வாளர் மீது, விளையாட்டைக் கண்ணாலும் காணாத அன்பர் கூட்டம் வசைமாரி பொழிந்தது. குறை கூறுவாரை அவையிலிருந்து துரத்திவிட்டு அரங்கேற்றம் நடத்துதல் யாருக்கு நன்மை?

வரலாறு அதனோடு முடியவில்லை. நிறுவனம் ஆண்டுக்கணக்கில் பிழைகளைத் திருத்திற்று. 2023 செப்டெம்பரில் வெளியிட்ட பெருந்திருத்தமும், அதனோடு வந்த புதிய கதைப்பகுதியும் பரவலான பாராட்டைப் பெற்றன. 2024ஆம் ஆண்டு முடிவதற்குள் விற்ற படிகள் மூன்று கோடியைத் தொட்டன. இதனைக் கொண்டு, தொடக்கத்திற் கூச்சலிட்டவர் பொறுமையற்றவர் என்று வாதிடுவாரும் உளர். யான் அவ்வாறு கருதேன். இரண்டாம் பதிப்பிற் பிழை திருத்தியமை பாராட்டுக்குரியது. அதனால் முதற்பதிப்பை முழுவிலை கொடுத்து வாங்கியவனின் இழப்பு இல்லையென்றாகிவிடாது. அறுபது டொலர் என்பது நம் ரூபாய்க் கணக்கிற் சிறுதொகையன்று. பாலையூற்றில் ஒரு கூலித்தொழிலாளி அத்தொகையை ஈட்ட எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை அறிந்தோர் அறிவர். இன்னொன்றையும் நோக்குக. விளையாட்டு மாறிவிட்டது, பழைய திறனாய்வுகளிற் பிறந்த 86உம் 57உம் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. அன்றும் அவ்வெண்கள் முழு உண்மையைக் கூறவில்லை, இன்றும் கூறவில்லை.

இவையெல்லாம் மேலைநாட்டார் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. தமிழர் ஆக்கிய விளையாட்டொன்றும் அதே அவையத்தில் ஏறியிருக்கிறது. ரொறன்ரோ நகரிலுள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 யூலை 31ஆம் திகதி வெளியிட்ட ‘வெண்பா’வைக் குறிக்கிறேன். போர் இல்லை, துப்பாக்கி இல்லை. 1988இல் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண், தன் தாயின் சமையற் குறிப்புக்களில் அழிந்துபோன வரிகளை நினைவாலும் ஊகத்தாலும் நிரப்பி இட்டலியும் புட்டும் சமைக்கிறாள். அவள் மகன் தமிழிலிருந்து மெல்ல மெல்ல விலகுகிறான். 2024ஆம் ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் முதற்பரிசையும், பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தின் அறிமுக விளையாட்டுக்கான பரிசையும் இது பெற்றது.

ஆங்கிலத் திறனாய்வாளர் பலர் இதனை மனமுவந்து பாராட்டினர். அவர்கள் கூறிய குறைகளுள் முதன்மையானது, இது மிகச் சிறிது, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது என்பது. தமிழறிந்தவன் ஒருவன் அவ்விடத்தில் இருந்திருப்பின் என்ன கூறியிருப்பான்? வெண்பா என்பது ஒரு பாவின் பெயர். அப்பாவின் மிகச் சிறிய வகை இரண்டே அடி. அவ்விரண்டடிக்குள் வள்ளுவர் அடக்காத பொருளில்லை என்று எடுத்துக் காட்டியிருப்பான். அளவைக் குறையென்று கூறுமுன், பெயர் எதனை உணர்த்துகிறதென்று ஆராய்ந்திருப்பான். பாராட்டோடும் அவன் நின்றிரான். 1983க்குப் பின்னர் அந்நகருக்குத் திரளாய்ச் சென்ற ஈழத்தமிழரின் சாயல் இக்கதையில் எங்கேனும் உண்டா, அக்குடும்பத்தின் பேச்சு எவ்வூர்ப் பேச்சு, அது பிழையற அமைந்திருக்கிறதா என்றெல்லாம் வினவியிருப்பான். இவ்வினாக்களை ஆங்கிலத் திறனாய்வாளர் எழுப்பவில்லையென்று அவர்களை நோதல் முறையன்று. எழுப்ப வேண்டியவர் நாம்.

புதிய கலையைப் பழைய அளவுகோலால் அளக்கலாமா என்ற ஐயம் எழலாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களை நம் நாடக இலக்கணங்களோடு பொருத்தி ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யை 1926இல் வெளியிட்டவர் விபுலாநந்த அடிகளார். எங்கோ பிறந்த கலையொன்று தமிழ் அளவைக்குள் அடங்குமா என்று அவர் அஞ்சவில்லை. அளந்து பார்த்தார், நாடகமும் விளங்கிற்று, நம் இலக்கணமும் புத்தொளி பெற்றது. மட்டக்களப்பிற் பிறந்து திருகோணமலையிலும் தொண்டாற்றிய அவ்வடிகளாரின் வழி நமக்கு அடைபட்ட வழியன்று.

ஆதலின், தமிழில் விளையாட்டுத் திறனாய்வு எழுதப் புகுவோர் நான்கு வினாக்களுக்கு முதலில் விடை கூறட்டும். எப்பொறியில், எவ்வடிவத்தை, எத்துணை நேரம் ஆடினீர்? அதனை விலைக்கு வாங்கினீரா, நிறுவனம் கொடுத்ததா, கொடுத்ததாயின் என்ன நிபந்தனை? கதை சொல்வதும் கை செய்வதும் ஒன்றுக்கொன்று மாறுபடாமல் இயைகின்றனவா? ஆடி முடித்த பிள்ளையின் உள்ளத்தில் எஞ்சி நிற்பது யாது? நாலாவது வினாவை வைத்து நோக்கினால் சைபர்பங்கின் முரண் நன்கு விளங்கும். மனிதரைப் பண்டமாக்கும் நிறுவனங்களைச் சாடுவது அதன் கதை. அதனை உருவாக்கிய உழைப்பாளரும் விலைக்கு வாங்கிய பிள்ளைகளும் வெளியீட்டுக் காலத்திற் பட்ட பாடு நாம் மேலே கண்டது. கதையை உள்வாங்கிய பிள்ளை இம்முரணையும் காணுமாறு செய்தல் திறனாய்வாளன் கடன்.

திரைப்படங்களுக்கு வாரந்தோறும் விமரிசனம் எழுதும் நம் பத்திரிகைகள், மாதத்துக்கு ஒருமுறையேனும் இக்கலைக்குச் சிறிது இடம் ஒதுக்கல் வேண்டும். எழுத ஆளில்லை என்று கூறற்க. உயர்தர வகுப்புகளில் இருக்கும் மாணவர்க்கு இவ்விளையாட்டுக்களின் நுட்பமெல்லாம் தெரியும். அதனைத் தமிழில் எழுதும் பயிற்சியே இல்லை. அப்பயிற்சியைக் கொடுக்க வேண்டியவர் என்போன்ற தமிழாசிரியர். அவர்கள் எழுதுவதைக் கேட்டுப் பிழைகளைந்து, அச்சேற்ற வேண்டியவர் பத்திராதிபர்கள். பிள்ளைகள் எண்ணை மட்டும் நம்பிப் பெற்றோர் பணத்தைச் செலவிடும் நிலை இனியும் நீடிக்கலாகாது. தமிழறிஞரும் ஆசிரியரும் இதனைத் தம் கடமைகளுள் ஒன்றாக ஏற்பார்களாக.