பூட்டு இருக்கட்டும், சாவி யாரிடம்?

கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டவை. வளையத்தின் இணைப்பில் புலி, இரட்டை மீன், வில் பொறித்த அரச முத்திரை. நடுவில் யாராவது ஒரு ஏட்டை நுழைக்க நினைத்தால் வளையத்தில் கை வைத்தாக வேண்டும். மாட்டிக்கொள்வார்!

இன்றைய கணினியில் 'செக்யூர் பூட்' செய்வதும் இந்த முத்திரை வேலைதான். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் உள்ள யூ.இ.எஃப்.ஐ. மென்பொருள், அடுத்து ஓடப்போகும் பூட்லோடரில் நம்பகமான டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் ஓடவிடாது. விண்டோஸ் விழிக்கும் முன்பே உள்ளே புகும் வைரஸ்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

2011-ல் தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது விண்டோஸ் 7-உடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அப்போது இந்தத் தொல்லை இல்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான், தன் சான்றிதழ் பெறும் கணினிகளில் செக்யூர் பூட் கட்டாயம் என்றது மைக்ரோசாஃப்ட். சாதாரணக் கணினிகளில் அதை அணைக்கும் வசதியும் வேண்டும் என்றது. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த வசதி தயாரிப்பாளரின் விருப்பம் என்றாகிவிட்டது.

இரண்டாவதாக லினக்ஸ் போட நினைப்பவருக்குக் கிடைக்கும் முதல் ஆலோசனை, "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணிடு". பெரும்பாலும் தேவையே இல்லாத வேலை இது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட 'ஷிம்' என்ற சிறு நிரல் வழியாக, பூட்டைக் கழற்றாமலே தொடங்கும். தனியாகச் சேர்க்கும் டிரைவர்களுக்குச் சொந்தச் சாவி உருவாக்கிப் பதிவு செய்யலாம். பிட்லாக்கர் உள்ள கணினியில் அவசரப்பட்டு அணைத்தால், விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கும். அதைக் குறித்து வைக்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆனால் எதிர்த்தரப்பின் கோபத்திலும் நியாயம் உண்டு. ஆகஸ்ட் 2024-ல் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய பூட்லோடர்களைத் தடுக்கப் போய், இரண்டு இயங்குதளமும் உள்ள பல கணினிகளில் லினக்ஸையே தொடங்கவிடாமல் செய்தது. கணினி ஒருவருடையது, அதில் எது ஓடலாம் என்ற முடிவு வேறொருவருடையது!

எனவே பூட்டைக் கழற்றுவது தீர்வல்ல, சாவியைக் கேட்பதே தீர்வு. மாணவர்களுக்கு மடிக்கணினி வாங்கும் அரசு, சொந்தச் சாவி சேர்க்கும் வசதியை டெண்டரிலேயே நிபந்தனையாக வைக்கலாம். அதற்குத் தமிழில் ஒரு பக்க விளக்கமும் தரலாம். ராஜேந்திரன் தன் செப்பேட்டுக்கான முத்திரையை அடுத்த நாட்டு அரசனிடம் போய்க் கேட்கவில்லை.