முடக்குவாத ஊசியும் உறங்கும் காசநோயும்

“உங்களுக்குக் காசநோய் வந்திருக்கிறதா?” முடக்குவாத நோயாளிக்கு உயிரியல் மருந்து தொடங்குமுன் கேட்கப்படும் கேள்வி இது. “இல்லை” என்றதும் கதை முடிந்துவிடலாம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த ஒருவரிடம் இந்தக் கேள்வி போதாது.

காசநோய்க் கிருமி புகுந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோரின் உடல் அதைச் சுற்றி வேலி போட்டு ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருக்கும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. உள்ளே கிருமி இருப்பது ஆளுக்கே தெரியாது. அந்த வேலி கலையாமல் இருக்க டி.என்.எஃப் என்ற புரதம் வேண்டும். முடக்குவாதத்தில் மூட்டுகளை வீங்க வைப்பதிலும் அதே புரதத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்ஃபிளிக்ஸிமாப், அடலிமுமாப் போன்ற மருந்துகள் அதைத் தடுக்கும்போது மூட்டு வீக்கம் தணிகிறது, வேலியும் தளர்கிறது.

2001இல் வெளியான ஆய்வொன்று, இன்ஃபிளிக்ஸிமாப் ஏற்றிய பின் காசநோய் வந்த 70 பேரைப் பதிவு செய்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று தடவையோ அதற்கும் குறைவாகவோ மருந்து ஏற்றிய நிலையிலேயே நோய் வெளிப்பட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியேயும் நோய் இருந்தது. இருமலை மட்டும் எதிர்பார்த்திருந்தால் பலரைத் தவறவிட நேரும்.

போரின் இறுதியில் வன்னியிலிருந்து வந்த ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். ஒரே கூடாரத்தில் பல குடும்பங்கள். காசநோய் காற்றில் பரவுவது. நெருக்கம்தான் அதற்கு வசதி. பக்கத்தில் படுத்திருந்து இருமியவருக்கு என்ன நோய் என்று அன்று யார் பார்த்தது? கிளினிக் கொப்பிகளும் இடப்பெயர்வில் தொலைந்தன. நோயாளி வாயால் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். தமிழ் தெரியாத வைத்தியரிடம் அதைச் சொல்லும் சிரமம் தனிக்கதை. “முகாமில் இருந்தீர்களா, எவ்வளவு காலம்?” என்று பதிவுத் தாளில் தமிழில் ஒரு வரி சேர்க்கப் பெரிய செலவில்லை.

நெஞ்சு எக்ஸ்ரேயும் தோலில் செய்யும் மன்டூ பரிசோதனையும் உதவும். ஆனால் பி.சி.ஜி போட்டவருக்கு மன்டூ சிலவேளை வீணே வீங்கும். ஸ்டீரொய்ட் எடுப்பவருக்கு வீங்காமலே ஏமாற்றும். உறங்கும் காசநோய் தெரியவந்தால், அதற்கான குளிசையைக் குறைந்தது ஒரு மாதம் எடுத்த பின்னரே உயிரியல் மருந்தைத் தொடங்குவது வழக்கம். ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்றும் முன்கூட்டியே இரத்தத்தில் பார்க்க வேண்டும்.

இதற்குப் பயந்து ஊசியே வேண்டாமென்று ஓடுவதும் ஆபத்து. கவனிக்காத முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிடும். பழைய துண்டைக் காட்டிப் பாமசியில் பிரெட்னிசலோன் வாங்கி வருடக்கணக்கில் விழுங்குவதும் தப்பிக்கும் வழியல்ல. அதுவும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.

மருந்து தொடங்கிய பின் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், கழுத்தில் கட்டி என எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். போகும்போது முகாமில் இருந்த காலத்தையும் சொல்லுங்கள்.