கூந்தற்பனையை வெட்டும் முன்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாசலில் ஒரு பனை நிற்கும். சாம்பல் நிறத் தண்டில் வளையம் வளையமாகத் தழும்புகள். மேலே மீன்வாலை வெட்டி ஒட்டியதுபோல ஓரம் கிழிந்த இலைகள். கூந்தற்பனை என்பது அதன் பெயர். நர்சரிக்காரரிடம் ‘ஃபிஷ்டெயில் பாம்’ என்றால்தான் எடுத்துத் தருவார்.

நட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆனதும் உச்சியில் சடைசடையாகப் பூங்குலை தொங்கும். சில ஆண்டுகளில் இலைகள் ஒவ்வொன்றாகக் காயும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேச்சு எழும்: மரத்துக்கு ஏதோ நோய், வெட்டிவிடலாம்.

அது நோயே அல்ல. மூங்கிலைப் போல இதற்கும் வாழ்நாளில் ஒரே ஒரு பூப்புக் காலம்தான். அதுவரை தண்டுக்குள் சேர்த்துவைத்த மாவுச்சத்து முழுவதையும் பூவுக்கும் காய்க்கும் செலவழிக்கிறது. முதல் குலை உச்சியில் வரும். அடுத்தடுத்த குலைகள் படிப்படியாகக் கீழிறங்கும். கடைசிக் குலை பழுத்து முடிந்ததும் மரம் மடியும். வேர் அழுகலோ வண்டோ தேடி மருந்தடிப்பது வீண் செலவு.

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளும் இலங்கையின் மழைக்காடுகளும் இதன் தாயகம். பனைக் குடும்பத்தில் இலை இரண்டு முறை கிளைத்துப் பிரிவது இந்தப் பேரினத்தில் மட்டுமே. லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர் ‘கேரியோட்டா யூரென்ஸ்’. ‘யூரென்ஸ்’ என்றால் எரிப்பது. பழச்சதையில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால், கை பட்டாலே அரிக்கும். ஆனால் மரநாய் அதைத் தின்று, கொட்டையைத் தொலைவில் எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகிறது. கேரளத்தில் வளர்ப்பு யானைகளுக்கு முக்கியத் தீவனமே இதன் மட்டைதான். இலங்கையில் இது கித்துல்; அதன் பாணியும் கருப்பட்டியும் அங்கே வீட்டுச் சமையலில் கலந்தவை.

இப்படிப்பட்ட மரத்தை முதல் குலை கண்டதுமே வெட்டுவது அநியாயம். ஆண்பூக்கள் விரியும் நாட்களில் குலை முழுக்கத் தேனீ மொய்க்கும். மரநாய் சென்னைப் புறநகரிலும் உண்டு. பழம் உதிரும் இடத்தில் குழந்தைகள் விளையாடாமல் பார்த்துக்கொண்டு, கையுறை போட்டுப் பெருக்கினால் போதும். பட்டுப்போய்ச் சாயும் ஆபத்து வந்த பிறகு அகற்றலாம்.

ஆனால் அது போன இடத்தில் இன்னொரு கூந்தற்பனை வேண்டாம். மழைக்காட்டு ஈரத்துக்குப் பழகிய மரம் அது. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை கிடைத்தாலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2019 ஜூனில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, குடம் தண்ணீருக்கு வரிசையில் நின்றதை இந்தப் பகுதி மறந்திருக்காது. அலங்காரப் பனைக்கு எங்கிருந்து ஊற்றுவது?

இந்த மண்ணுக்கென்று ஒரு பனை இருக்கிறது. ஏரிக்கரையை வேரால் இறுக்கிப் பிடிப்பது அதுதான். அதன் ஓலையின் அடிப்புறத்தில் பனை உழவாரன் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டும். ஓலை நுனியில் தூக்கணாங்குருவிக் கூடு ஆடும். மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்று 2021-ல் தாக்கலான தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அறிவிப்பு நல்லதுதான். ஆனால் மனைப்பிரிவுக்காக நிலத்தைச் சமன்படுத்தும் இயந்திரம் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. நிற்கும் பனைகளை உள்ளாட்சி அமைப்புகள் எண்ணிக் கணக்கில் வைத்தால்தான் குறைவது தெரியும்.

ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் உதிரும். குடியிருப்போர் சங்கங்கள் கொட்டைகளைச் சேர்த்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் மதிலோரத்திலும், அனுமதி பெற்று ஏரிக்கரையிலும் புதைக்கட்டும். அதற்குத் தண்ணீர் லாரி தேவைப்படாது.