நம் பாட்டுக்கும் ஒரு மணி நேரம்

ஜொகூரில் காஹாங் பக்கம் எந்தக் கல்யாண விருந்துக்குப் போனாலும் 'மடை திறந்து' ஒலிக்காமல் இருப்பதில்லை. 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாட்டைச் சொல்லவில்லை; 2006-இல் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 'வல்லவன்' தொகுப்பில் தந்ததைச் சொல்கிறேன். நாற்பதைத் தொட்டவர்கள்கூட எழுந்து நின்று, ஒரு வரி விடாமல் கூடவே சொல்கிறார்கள்.

இதை வெறும் பழைய நினைப்பு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. 'ரோஜா', 'காதலன்' கேசட்டுகளைக் குளுவாங்கில் வாங்கி வந்து தேயத் தேயக் கேட்ட தலைமுறை நாங்கள். அவை சென்னை தந்தவை. 'வல்லவன்' நம் மலேசியப் பையன்கள் தந்தது. இளையராஜாவின் மெட்டை எடுத்துத் தமிழிலேயே ராப் பாடி, தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தார்கள். செம்பனைத் தோட்டத்து லயத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போன பிள்ளைகளுக்கு அது பெரிய தெம்பு.

அதற்கும் முன்னால் பினாங்கின் அலிகேட்ஸ் இசைக்குழுவினர் இருந்தார்கள். லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள், அந்தச் சுருட்டை முடியோடு, மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்டார்கள். லோகநாதன் 2007-இல் மறைந்தார். என் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயரே தெரியாது.

வானொலியில் பழைய பாடல் நேரம் என்றால் என் காதில் விழுவது பெரும்பாலும் கோடம்பாக்கம்தான். வானொலி நிலையத்தாரே, வாரத்தில் ஒரு மணி நேரம் மலேசியப் பாட்டுக்கென்றே ஒதுக்குங்கள். பாடியவர், எழுதியவர், வாசித்தவர் பெயர்களையும் சொல்லி ஒலிபரப்புங்கள்.