முதுமையும் டாலரும்

அமெரிக்கா என்றவுடன் நம்மவர்களின் மனக்கண் முன் தோன்றுவது வானளாவிய மாளிகைகளும் டாலர் மூட்டைகளுந்தான். அந்தத் தேசத்திலும் கிழவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் முழங்கால் வலிக்கிறது, மருந்துக் கடைக் கணக்கைப் பார்த்து அவர்களும் பெருமூச்சு விடுகிறார்கள் என்பது நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. ஆனால் அந்நாட்டு அரசியலில் சுமார் தொண்ணூறு வருஷங்களாக ஓயாமல் நடந்து வரும் விவாதம் இதைப் பற்றியதே. உழைத்து ஓய்ந்தவருக்குச் சோறு போடுவதும் வைத்தியம் செய்விப்பதும் யாருடைய பொறுப்பு? பிள்ளைகளுடையதா, அவருடைய சொந்தச் சேமிப்பினுடையதா, அல்லது சர்க்காருடையதா? இந்த வாரம் இந்த விவாதத்தைச் சற்றுப் பரிசீலனை செய்யலாம் என்று உத்தேசிக்கிறோம்.

விவாதத்தைச் சூடு பிடிக்கச் செய்தவர் ஒரு வைத்தியர். 1929-ம் வருஷத்தில் பங்கு மார்க்கெட் சரிந்ததைத் தொடர்ந்து எத்தனையோ பாங்குகள் முழுகிப் போயின. அவற்றுடன் கிழவர்கள் ஆயுள் முழுவதும் சேர்த்து வைத்திருந்த பணமும் முழுகிற்று. 1933-ல் கலிபோர்னியாவில் லாங் பீச் என்னும் நகரத்தில் வசித்த டாக்டர் பிரான்ஸிஸ் டவுன்ஸெண்டு உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த திட்டம் இது: அறுபது வயதானவர்களுக்கெல்லாம் மாதம் 200 டாலர் கொடுக்க வேண்டும், வாங்குகிறவர் வேலையிலிருந்து விலகிவிட வேண்டும், வாங்கிய பணத்தை முப்பது நாளைக்குள் செலவழித்துத் தீர்க்கவும் வேண்டும்! பொருளாதார நிபுணர்கள் சிரித்தார்கள். கிழவர்கள் சிரிக்கவில்லை, நாடெங்கும் டவுன்ஸெண்டு கிளப்புகளை ஸ்தாபித்தார்கள். வோட்டுள்ள கிழவர்கள் லட்சக் கணக்கில் ஒன்று சேர்ந்தால், அரசியல்வாதிகளும் சிரிப்பை அடக்கிக்கொள்ளத்தானே வேண்டும்?

ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் டவுன்ஸெண்டின் திட்டத்தை ஏற்கவில்லை. ஆனால் அதன் பின்னிருந்த கூக்குரல் அவர் காதில் விழுந்தது. தொழில் மந்திரி ஸ்ரீமதி பிரான்ஸெஸ் பெர்க்கின்ஸ் முன்னின்று உழைக்க, 1935-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். தொழிலாளியின் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு, முதலாளியிடமிருந்து அதே அளவு பங்கு, பிற்காலத்தில் மாதா மாதம் பென்ஷன் என்பது ஏற்பாடு. ஏழைக் கிழவர்களுக்குச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து நேராகக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர்கள் உண்டு. ஜனங்கள் தங்கள் கைப் பணத்தைக் கட்டியிருந்தால், பிற்காலத்தில் எந்த அரசியல்வாதியும் அதில் கை வைக்கத் துணியமாட்டான் என்பது ரூஸ்வெல்ட்டின் கருத்து. தர்மமாகப் பெறுவதை ஒரு நாள் நிறுத்திவிடலாம்; பாத்தியதையாகப் பெறுவதை நிறுத்துவது அவ்வளவு சுலபமல்ல அல்லவா?

மாதாந்தரப் பென்ஷனின் முதல் செக்கு 1940-ம் வருஷம் ஜனவரி 31-ந் தேதியிட்டு வெர்மாண்டு ராஜ்யத்தைச் சேர்ந்த ஐடா மே புல்லர் என்ற அம்மையாருக்குக் கிடைத்தது. தொகை 22 டாலர் 54 ஸெண்டு. அந்த அம்மையார் மூன்று வருஷங்களில் கட்டியிருந்தது மொத்தம் 24 டாலர் 75 ஸெண்டுதான். இரண்டு செக்குகளிலேயே போட்ட முதல் திரும்பி வந்துவிட்டது. அம்மையாரோ நூறு வயது வரையில் வாழ்ந்து, 1975-ல் காலமாவதற்குள் 22,888 டாலருக்கு மேல் வாங்கிவிட்டார்! இந்தக் கதையைத் திட்டத்தின் எதிரிகளும் சொல்லுகிறார்கள், நண்பர்களும் சொல்லுகிறார்கள். இன்று வேலை செய்கிறவன் கட்டும் பணம் பெட்டியில் தூங்குவதில்லை. இன்றைய கிழவருக்குப் போகிறது. அவன் கிழவனாகும்போது அடுத்த தலைமுறை கட்ட வேண்டும். திட்டத்தின் பலமும் பலவீனமும் இதில்தான் இருக்கின்றன.

இன்னொரு உண்மையையும் மறைப்பதற்கில்லை. 1935-ம் வருஷத்துச் சட்டத்தில் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலைக்காரர்களுக்கும் இடமில்லை. தென் ராஜ்யங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பிழைத்து வந்தது இந்த இரண்டு தொழில்களிலேதான். பாத்தியதை என்று பெருமையாகச் சொல்லப்பட்டது அவர்களுடைய வாசற்படியை எட்டுவதற்கு 1950 முதல் வந்த திருத்தங்கள் வேண்டியிருந்தன.

பென்ஷன் வந்தது, வைத்தியம் வரவில்லை. 1945-ல் ஜனாதிபதி ட்ரூமன் தேச மக்கள் அனைவருக்கும் வைத்திய இன்ஷியூரன்ஸ் வேண்டுமென்றார். அமெரிக்க வைத்தியர் சங்கம் இது சோஷலிஸம் என்று கூச்சலிட்டு, விளம்பர நிபுணர்களைக் கூலிக்கு அமர்த்தி, யோசனையை வீழ்த்திற்று. 1961-ல் கிழவர்களுக்கு மாத்திரமாவது வைத்திய உதவி அளிக்கலாம் என்ற பிரஸ்தாபம் எழுந்தபோது, அதே சங்கம் அதை எதிர்த்துக் கிராமபோன் தட்டு ஒன்றை வெளியிட்டது. அதில் பேசியவர் ஒரு சினிமா நடிகர். ரொனால்டு ரீகன் என்று பெயர். இந்த நடிகரை நேயர்கள் மறுபடியும் சந்திக்கப் போகிறார்கள்.

கடைசியில் 1965-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன், வயோதிகரான ட்ரூமனின் ஊருக்கே சென்று, அவர் முன்னிலையில் மெடிகேர் சட்டத்தில் கையெழுத்திட்டார். முதல் சீட்டை ட்ரூமனுக்கே கொடுத்தார். அறுபத்தைந்து வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவும், மாதச் சந்தா கட்டினால் டாக்டர் செலவும் கிடைத்தன. அது மட்டுமல்ல. வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பருக்கு ஒரு வார்டு என்று வைத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் பணம் கிடையாது என்று சர்க்கார் 1966-ல் கண்டிப்பாகத் தெரிவித்தது. அநேக ஆஸ்பத்திரிகள் சில மாதங்களுக்குள் தங்கள் வாசலைத் திறந்துவிட்டன. வெகுகாலப் பிரசங்கத்தினால் ஆகாத காரியம் பணப்பெட்டிச் சாவியினால் ஆயிற்று!

இனி, நமக்கு மிகவும் சிந்தனை தருகிற சம்பவத்துக்கு வருவோம். ரீகன் ஜனாதிபதியானார். கிராமபோன் தட்டில் எதிர்த்துப் பேசிய அதே ரீகன், 1988-ல் மெடிகேரை விஸ்தரிக்கும் சட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். பெரும் வியாதி வந்தால் கிழவரின் சொந்தச் செலவு ஓர் எல்லைக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் செலவு முழுவதையும் கிழவர்களே ஏற்க வேண்டும் என்று விதித்தார்கள். வசதியுள்ள கிழவருக்கு 1989-ல் அதிகப்படி வரி தலைக்கு 800 டாலர் வரையில் போகக்கூடும். அவர்களில் பலருக்குப் பழைய முதலாளிகளின் மூலமோ சொந்த இன்ஷியூரன்ஸ் மூலமோ இந்த வசதி முன்பே இருந்தது. அவர்கள் பயந்ததெல்லாம் படுத்த படுக்கையாகி வருஷக் கணக்கில் பராமரிப்பு விடுதியில் கிடக்க நேர்ந்தால் என்ன செய்வது என்பதுதான். அதற்குச் சட்டத்தில் வழி செய்யவில்லை.

1989 ஆகஸ்டில் சிக்காகோ நகரத்தில் பிரதிநிதி சபையின் வரிக் கமிட்டித் தலைவர் டான் ராஸ்டென்கௌஸ்கியின் காரைக் கிழவர்களும் கிழவிகளும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு மூதாட்டி காரின் முன்புறத்தின்மேல் ஏறிச் சாய்ந்தார். பெரிய மனிதர் காரை விட்டு இறங்கி ஓட நேர்ந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் காங்கிரஸ் சட்டத்தை ரத்துச் செய்துவிட்டது. (காங்கிரஸ் என்றால் நம் நாட்டுக் கட்சியல்ல, அந்நாட்டுப் பார்லிமெண்டுக்கு அந்தப் பெயர்.)

பணக்காரக் கிழவர்களின் சுயநலத்தால் ஏழைக் கிழவர்கள் நஷ்டமடைந்தார்கள் என்று சிலர் கூறினார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் எல்லோரும் கட்டி எல்லோரும் பெறுவது என்ற ரூஸ்வெல்ட்டின் ஏற்பாட்டைக் கைவிட்டு, நோயாளிகளின் வயதுக்காரர்களிடமே நோயின் செலவை வசூலித்தது சட்டத்தைச் செய்தவர்களின் பிசகு என்பதே நம் அபிப்பிராயம்.

அன்று பயந்த விஷயம் இன்றும் தீரவில்லை. நீண்ட காலப் பராமரிப்புக்கு மெடிகேர் பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. ஏழைகளுக்கான மெடிகெய்டு என்ற வேறொரு திட்டம் கொடுக்கிறது. ஆனால் அதைப் பெறுவதற்குக் கிழவர் தம் சேமிப்பை அநேகமாகச் செலவழித்து ஏழையாக வேண்டும். அவர் இறந்த பிறகு, விட்டுச் சென்ற சொத்திலிருந்து ராஜ்ய சர்க்கார் அந்தச் செலவை வசூலிக்க முயல வேண்டுமென்று 1993-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று சொல்லுகிறது. சிக்கனமாக வாழ்ந்து ஒரு வீட்டைக் கட்டியவருக்குக் கிடைக்கும் மரியாதை இது!

மருந்து விஷயத்தில் சிறிது விமோசனம் ஏற்பட்டிருக்கிறது. 2003-ல் மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்த்தார்கள். ஆனால் மருந்துக் கம்பெனிகளுடன் சர்க்கார் விலை பேசக்கூடாது என்றும் அதே சட்டத்தில் எழுதிவைத்தார்கள். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிற பாட்டிகூடப் பேரம் பேசாமல் வாங்கமாட்டாள்! 2022-ம் வருஷத்துச் சட்டம் இந்தத் தடையை ஓரளவு நீக்கிற்று. மெடிகேரில் உள்ளவர்களுக்கு 2023 முதல் இன்ஸுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகவில்லை. பேரம் பேசிக் குறைத்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரி முதல் அமலுக்கு வந்தது.

இப்போது பென்ஷன் நிதியைப் பற்றிய கவலை வந்திருக்கிறது. 2025-ல் வெளியான டிரஸ்டிகளின் அறிக்கைப்படி, சேமித்து வைத்த நிதி 2033-ல் தீர்ந்துவிடும். அதன் பிறகு அந்தந்த வருஷத்து வசூலைக்கொண்டு வாக்களித்ததில் 77 சதவீதம்தான் கொடுக்க முடியும். திட்டம் திவாலாகிவிடும் என்று கூறுவது மிகை. நூறு டாலர் எதிர்பார்த்தவருக்கு எழுபத்தேழு கிடைக்கும். ஆனால் மாதச் செக்கையே நம்பி வாழ்கிறவருக்கு அந்த இருபத்துமூன்று டாலர் அடுப்பெரியும் விஷயம்.

என்ன பரிகாரம்? பென்ஷன் வயதை ஏற்றலாம் என்கிறார்கள் ஒரு சாரார். 1983-லேயே அதை 65-லிருந்து 67-க்குப் படிப்படியாக ஏற்றச் சட்டம் செய்தாகிவிட்டது. மேஜைக்கு முன் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இன்னும் இரண்டு வருஷம் பெரிதல்ல. கூரை வேயும் தொழிலாளிக்கும், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கிக் கிடத்தும் பெண்மணிக்கும் அது இடுப்பெலும்பின் விஷயம். இன்னொரு சாரார் வரியின் உச்சவரம்பை எடுத்துவிடலாம் என்கிறார்கள். 2025-ல் 176,100 டாலர் சம்பளம் வரையில்தான் பென்ஷன் வரி. அதற்கு மேல் கோடி சம்பாதித்தாலும் ஒரு ஸெண்டுகூட அதிகமில்லை. எல்லோரும் கட்டி எல்லோரும் பெறுவது என்ற கொள்கைக்கு இந்த இரண்டாவது யோசனையே அதிகப் பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. கட்டும் தொகை உயர்ந்தால் பெறும் தொகையும் உயர வேண்டாமா என்ற ஆட்சேபம் நியாயமானதே. அதற்குக் கணக்குப் போட்டு விடை கண்டுபிடிக்கலாம். தேய்ந்துபோன முழங்காலுக்குக் கணக்குப் போட முடியாது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. தற்காலிக அனுமதியுடன் அங்கே உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞர்கள் பலரும் இந்த வரியைக் கட்டுகிறார்கள். சுமார் பத்து வருஷம் கட்டினால்தான் பென்ஷனுக்குப் பாத்தியதை. அதற்குள் ஊர் திரும்புகிறவர் கட்டிய பணம் அங்கேயே தங்கிவிடுகிறது. பல தேசங்களுடன் இதற்காக உடன்படிக்கை செய்துகொண்ட அமெரிக்கா, நம்முடன் செய்துகொள்ளவில்லை. ஐடா மே புல்லருக்குப் பிந்திய தலைமுறைகளின் கிழவர்களுக்குப் பென்ஷன் கொடுப்பதில் நம் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. அந்நாட்டுக் கிழவர்கள் சௌக்கியமாயிருக்கட்டும். கணக்கை மட்டும் நம் சர்க்கார் மறந்துவிடாமல் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும்.